பாலத்து மேட்டில் ஒரு கிண்கிண்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எங்கள் ராயபுரம் பாலத்தில் நாலு தடவை ஏறினேன். நாலு தடவை இறங்கினேன்.

நடந்து அல்ல, வண்டியில். பின்னால் என் மனைவி பிலோமினா உட்கார்ந்திருந்தாள். உச்சிக்குப் போவதற்குள் என் வலது தோளில் பொத்தென்று ஒரு தட்டு விழும். நான் மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கி, வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்பேனரை எடுப்பேன். ஒரு நூல் அளவு திருகுவேன். மறுபடி ஏற்றம்... மறுபடி தட்டு!

மாதா கோயிலில் பூசை முடிந்து போன சனமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவர் கேட்டே விட்டார்:

"இன்னா நைனா, இந்த வயசுல வண்டி கத்துக்கிறியா? அதுவும் வூட்டுக்காரம்மா வாத்தியாரா!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பிள்ளைகளே. ரொம்பக் களைப்பாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பத்திரிகையின் இதே பக்கத்தில் "நம்ம வண்டி தயார், இஞ்சின் பாட்டுப் பாடுகிறது" என்று எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? அதற்கு எத்தனை கடிதம் போட்டீர்கள்! வியாசர்பாடியிலிருந்து ஒரு பிள்ளை வண்டியைப் படமாகவே வரைந்து அனுப்பியது. நான் ஹெல்மெட் போட்டு, புகை விட்டுக்கொண்டு, மேகத்துக்குள் போகிறேன்.

நான் அன்றைக்கு எழுதியது தப்பு. வேண்டுமென்று எழுதவில்லை. எனக்குத் தெரியாமல் எழுதினேன். ஆனாலும் தப்பு தப்புத்தானே? நீங்கள் கணக்கில் தப்புப் போட்டால் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். நான் போட்டால் மட்டும் விட்டுவிடலாமா?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில், பாய்லர் பகுதியில் பத்தொன்பது வருஷமாக வேலை. இரண்டரை வருஷத்துக்கு முன்னால், வண்ணாரப்பேட்டையில் ஒரு கிடங்கில் கிடந்த பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் என் கைக்கு வந்தது. ஒற்றைச் சிலிண்டர், ரேஸ் வண்டி. ஒரு காலத்தில் சோழவரம் பந்தயத்தில் ஓடியதாம். என்னிடம் வந்தபோது ஓடவில்லை... கோணிப்பையில் வந்தது! மூன்று கோணி, ஒரு சட்டம், இரண்டு சக்கரம். அவ்வளவுதான்.

எங்கள் வீடு இரண்டே அறை. சிலிண்டர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. முன்சக்கரம் மாதா படத்துக்குக் கீழே. பெட்ரோல் டாங்கி அரிசி டிரம்முக்கு மேலே. என் மகள் ஸ்டெல்லா ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் காம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். இங்கே கடல் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பளபளவென்று தேய்த்து வைத்தால் சாயங்காலம் மஞ்சள் பூத்திருக்கும். மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டரை வருஷ ஞாயிற்றுக்கிழமையில் பாதியை நான் துருவுக்குத்தான் கொடுத்தேன்.

பிஸ்டன் மட்டும் கிடைக்கவே இல்லை. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் ஒரு வருஷம் அலைந்தேன். கடைசியில் ஒரு பாய், பரண் மேலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. "இத்தோட சரி. இன்னொண்ணு கேட்டு வராதே. மெட்ராஸ்லயே கெடையாது" என்றார்.

ஆக, ஒரே ஒரு பிஸ்டன். அது போனால் வண்டி மறுபடி கோணிக்குத்தான் போகும்.

வண்டியைப் பூட்டி முடித்ததும் நான் பிலோமினாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் திருவிழாவுக்கு, பழவேற்காட்டில் அவள் அம்மா வீட்டுக்கு வண்டியிலேயே கூட்டிப் போகிறேன் என்று. கல்யாணமான நாளிலிருந்து அவளை பஸ்ஸில் நிற்க வைத்துத்தான் கூட்டிப் போயிருக்கிறேன்.

சரி, வண்டியைப் பூட்டினால் மட்டும் போதுமா? சுருதி சேர்க்க வேண்டாமா?

இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே வரும்போது ஒரு தீப்பொறி விழ வேண்டும். சரியான நேரத்தில் விழ வேண்டும். நீங்கள் தம்பியை ஊஞ்சலில் வைத்துத் தள்ளுகிறீர்கள் இல்லையா? ஊஞ்சல் உங்கள் பக்கம் வந்து திரும்பும்போது தள்ளினால் ஜோராகப் போகும். வந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட்டுத் தள்ளினால்? உங்கள் மூக்கில் இடிக்கும். பொறியும் அப்படித்தான். ரேஸ் வண்டிக்குக் கொஞ்சம் முந்தி விழுந்தால் நல்ல இழுவை கிடைக்கும். ரொம்ப முந்தினால் பிஸ்டன் அடி வாங்கும்.

எவ்வளவு முந்தலாம்? அதற்கு மெக்கானிக்குகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மேட்டில் ஏற்றினால் ஒரு கட்டத்தில் இஞ்சின் 'கிண் கிண்' என்று மெல்லிசாகச் சத்தம் போடும். அதுதான் எல்லை. அங்கிருந்து ஒரு நூல் பின்னால் வந்து நிறுத்திவிட வேண்டும்.

நான் நகர்த்தினேன். மேட்டில் ஏறினேன். கிண்கிண் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். வரவில்லை. அடடா, என்ன ராஜா மாதிரி இஞ்சின் என்று இன்னும் கொஞ்சம்...

இடையில் வண்டி உதைக்க ஆரம்பித்தது. கிக்கரை மிதித்தால் திருப்பி அடித்தது. ஒரு நாள் முழங்காலுக்குக் கீழே நன்றாக வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். "ரேஸ் குதிரை உதைக்காதா?" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்! பொறி ரொம்ப முந்தினாலும் வண்டி அப்படி உதைக்கும் என்பதை யோசிக்கவே இல்லை.

இன்னொன்று. எங்கள் வரிசையில் எட்டு வீடு. எல்லாரும் மூன்று ஷிப்டுக்காரர்கள். எந்த நேரமானாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இந்த வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஜன்னல் கம்பி ஆடும். யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஒருவரும் எழுந்திருக்கக்கூட இல்லை. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன்.

நல்ல மனசுதான். ஆனால் காரணம் அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இங்கே அஞ்சலை வருகிறாள். காசிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவருகிறவள். மூன்று வாரத்துக்கு முன்னால், "பாட்டுப் பாடுகிறது" என்று நான் எழுதி அது அச்சாகி வந்த அதே வாரம், பாலத்து மேட்டில் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தேன். அவள் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் கழித்து எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள்.

"இன்னா நைனா, உன் வண்டி இன்னாத்துக்கு அப்பிடி கிணிகிணிக்குது?"

"எங்கே கிணிகிணிக்குது?"

"மேட்ல ஏற சொல்ல. தகர டப்பால கிளிஞ்சல் போட்டு குலுக்குனா மாதிரி கீது. உனுக்குக் கேக்கலியா?"

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷம் இரும்போடு வாழ்கிறவன் நான். என் இஞ்சினைப் பற்றி மீன்காரம்மா சொல்வதா?

"அஞ்சலை, சங்கரா புதுசா பழசான்னு நீ சொல்லு. இஞ்சினு சத்தத்த நான் பாத்துக்கிறேன்."

அவள் கோபப்படவில்லை. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பாத்துக்கோ. எனக்கு இன்னா? எங்க லாஞ்சி சத்தம் மாறுதுன்னு எம் புருசனாண்ட ரெண்டு நாளு சொன்னேன். நீ மீனைப் பாருன்னுது. மூணாம் நாளு நடுக்கடல்ல நின்னுகினு துண்ட ஆட்டுனுது. உங்க அல்லாருக்கும் இஞ்சினுன்னா மாமியா வூட்டு சீதனம்... யாரும் ஒரு கொற சொல்லிறக் கூடாது!"

ஒன்றை நான் யோசித்திருக்க வேண்டும். காசிமேட்டுக் கரையில் நிற்கிற பெண்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இப்போது டீசல் இஞ்சின் வைத்த லாஞ்சிப் படகுகள் வந்துவிட்டன. அது புள்ளியாகத் தெரிவதற்கு முன்னாலேயே, 'இது நம்மளுது, அது பக்கத்து வூட்டுது' என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்குகிறார்கள். அந்தக் காதுதான் என்னிடம் வந்து சொன்னது. நான் சங்கரா மீனைப் பற்றிப் பேசினேன்.

ஆனால் மனசு உறுத்தியது. பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் தனபாலையும் மஸ்தானையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் பாய்லர் வேலையில் கெட்டிக்காரர்கள். ஆளுக்கு ஒரு தடவை பின்னால் உட்கார வைத்துப் பாலத்தில் ஏற்றினேன்.

"எதுனா கேக்குதா?" என்று கத்தினேன்.

"இன்னா?" என்றான் தனபால்.

"எதுனா சத்தம் கேக்குதான்னேன்!"

"ஒண்ணியும் இல்ல மாமு! ஜோரா கீது! வெண்ணெ!"

மஸ்தானும் அதையேதான் சொன்னான். "கிளிஞ்சலாவது, நத்தையாவது! உன்னப் பாத்து அந்தம்மாவுக்குப் பொறாம வாத்யாரே!"

இரண்டு சாட்சி. எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒரு பாய்லர்க்காரன் சந்தேகத்துக்கு இரண்டு பாய்லர்க்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டது எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்று அன்றைக்கு உறைக்கவில்லை!

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அஞ்சலையைக் கிண்டல் வேறு. பிலோமினா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அது சரியாத்தாங்க சொல்லுது."

"எது?"

"அஞ்சலை. எனுக்கும் கேட்டுச்சு."

"எப்போ?"

"முன்னாடியே. பூசைக்குப் போக சொல்ல, பாலத்துல. நான் மொதல்ல என் வளையல்னு நெனச்சேன். இந்தக் கையால அந்தக் கைய இறுக்கிப் புடிச்சுக்கினேன். அப்பவும் கேட்டுச்சு."

"அப்பவே சொல்லலாமில்ல?"



"நீங்க பாடிக்கினே ஓட்டுனீங்க. எத்தினி வருசமாச்சு நீங்க பாடி..."

அவள் அங்கேயே நின்று கையைத் தூக்கினாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். ஆட்டினாள்.

"இது கேக்குதா உங்களுக்கு?"

வளையல் ஆடுவது தெரிந்தது. ஒன்றோடு ஒன்று இடிப்பது தெரிந்தது. விளக்கு வெளிச்சத்தில் பச்சையாக மின்னுவதுகூடத் தெரிந்தது.

சத்தம் மட்டும் வரவில்லை, பிள்ளைகளே.

மூலையில் படித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்குக் கேட்டிருக்கிறது. அதன் முகத்திலேயே தெரிந்தது.

கல்யாணமான புதிதில், நான் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அடுப்படியிலிருந்து வளையல் சத்தம் வரும். காபி வருகிறது என்று திரும்பாமலே கையை நீட்டுவேன். டம்ளர் கையில் வந்து உட்காரும். அந்தச் சத்தம் என்றைக்கு நின்றது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளைக் காட்டி இன்றைக்குத்தான் என்று சொல்ல முடியவில்லை. துருப் பிடிப்பதை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? கொஞ்ச நாளாகக் காபி மேஜையிலேயே ஆறிக் கிடக்கிறதே, இவள் ஏன் கூப்பிடுவதில்லை என்று நான்தான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பாய்லர் வேலை எப்படி என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். ஒருவன் பாய்லருக்குள்ளே உட்கார்ந்து இரும்பைத் தாங்கிப் பிடிப்பான். இன்னொருவன் வெளியிலிருந்து சுத்தியல் போடுவான். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணி அடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அது மாதிரி எட்டு மணி நேரம். புதிதாக வந்த ஆள் ஒருவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தான். "இன்னா மாமு, காது குத்தா? மொட்ட எப்போ?" என்று நாங்கள் சிரித்த சிரிப்பில் மறுநாளே பஞ்சை எறிந்துவிட்டான். அவனைப் பார்த்து முதலில் சிரித்தவன் நான்தான்.

பிறகு ஒரு நாள் பட்டறை டாக்டரிடம் போய்க் கேட்டேன். கனத்த சத்தம் எல்லாம் கடைசி வரைக்கும் கேட்குமாம். கப்பல் ஊதுவது கேட்கும். வண்டியின் தடதடப்பு கேட்கும். மெல்லிசான, கூர்மையான சத்தம்தான் முதலில் போகுமாம். கிண்கிண். வளையல். குருவி. அதனால் காது போனதே காதுக்காரனுக்குத் தெரியாதாம். திரும்பி வருமா என்றேன். மருந்துச் சீட்டை எடுக்காமலே, இல்லை என்று தலையை ஆட்டினார். ஒரு பொட்டலம் பஞ்சு கொடுத்தார்.

அவள் வளையல் ஆட்டிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, இஞ்சின் தலையையும் சிலிண்டரையும் கழற்றினேன். அந்த ஒரே பிஸ்டன்... பால் மாதிரி வழவழவென்று இருந்த அதன் மண்டையில், ஓரத்தில், பூச்சி அரித்த மாதிரி புள்ளி புள்ளியாகப் பள்ளம். விரலால் தடவினால் சொரசொரப்பு. ஓட்டை விழவில்லை. இன்னும் சில மைல் அதே மாதிரி ஓட்டியிருந்தால் விழுந்திருக்கும்.

பழவேற்காடு இங்கிருந்து எத்தனை மைல்? போகிற வேகத்தில் பிஸ்டன் உடைந்து சிக்கினால் பின்சக்கரம் அப்படியே இறுகிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பது யார்? நான் அந்தப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு வீட்டுக்காரர்களும் தூங்குகிறவர் தூங்கிக்கொண்டும், பேசுகிறவர் கத்திக்கொண்டும் இருந்தார்கள். வண்டிச் சத்தத்துக்கு ஒருவரும் ஏன் எழுந்திருக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் வரிசையில் எல்லாரும் இரும்பு வேலைக்காரர்கள். பாதிக் காது போனது; மீதிக் காது எந்த இடிக்கும் பழகிப்போனது.

அஞ்சலை வந்தபோது பிஸ்டனைக் காட்டினேன். பார்த்தாள்.

"நான் சொல்லல?" என்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "அய்ய... பாவம்" என்றாள். பிஸ்டனைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா, தெரியாது. பிறகு, "அண்ணியாண்ட கேட்டு கேட்டுத் திருப்பு நைனா. அதுக்கு நல்ல காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்படிதான் போன ஞாயிறு, பாலம், நாலு தடவை. பள்ளத்தை மெல்லத் தேய்த்துச் சரி செய்து பூட்டியிருந்தேன். சத்தம் கேட்டால் தோளில் ஒரு தட்டு. அதுதான் பேச்சு. முதல் தடவை தட்டினாள். கொஞ்சம் பின்னால் திருப்பினேன். இரண்டாவது தடவையும் தட்டினாள். மூன்றாவது தடவை கிட்டத்தட்ட உச்சிக்குப் போன பிறகு, மெல்லத் தட்டினாள்.

நாலாவது தடவை ஏறினேன். பாதி மேடு வந்தது. தட்டு வரவில்லை. முக்கால் மேடு. தோளைக் கெட்டியாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உச்சியே வந்துவிட்டது. கீழே ரயில் தண்டவாளம், அந்தப் பக்கம் துறைமுகத்துக் கிரேன் எல்லாம் தெரிந்தது. வண்டியை நிறுத்தித் திரும்பினேன்.

"தட்டவே இல்லியே பிலோ? மறந்துட்டியா?"

"சத்தமே இல்லீங்களே. இன்னாத்துக்குத் தட்டணும்?"

இறங்கி வரும்போது நான் பாடவில்லை. இழுவை முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான். இருக்கட்டும். பழவேற்காட்டுக்கு இனிமேல்தான் போக வேண்டும். மெதுவாகப் போவோம். பிஸ்டன் தாங்குமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தாங்கும் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை, 'நினைக்கிறேன்' என்றுதான் எழுதுவேன்.

பஞ்சு வைத்துக்கொண்டுதான் இப்போது வேலைக்குப் போகிறேன். "இன்னா மாமு, மொட்ட எப்போ?" என்று மஸ்தான் தினம் கேட்கிறான். தனபால் மட்டும் நேற்று யாரும் பார்க்காத நேரத்தில் வந்து, "கொஞ்சம் பஞ்சு கீதா?" என்றான். கொடுத்தேன். புதிதாக வந்த அந்த ஆளிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு துண்டு கொடுத்தேன்.

ஸ்டெல்லாவிடம் அதன் சிநேகிதி ஒருத்தி, "உங்கப்பா வூட்ல எப்பவும் சண்டை போடுவாரா?" என்று கேட்டிருக்கிறாள். தெருவரைக்கும் என் குரல் கேட்கிறதாம். "சண்டை இல்லடி, அதுதான் அவரு பேச்சு" என்று சொல்லியிருக்கிறது என் மகள். துறைமுகத்திலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வேலை பார்க்கிற அப்பாக்களின் பிள்ளைகள் எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்களோ... உங்கள் அப்பா கத்திப் பேசினால் கோபம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நீங்கள் கூப்பிட்டு அவர் திரும்பவில்லை என்றால், பக்கத்தில் போய் நில்லுங்கள்.

இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தோளில் மெல்ல ஒரு தட்டு விழுகிறது... காபி வந்துவிட்டது, பிள்ளைகளே.